முகத்தில் எது அழகு? மூக்கும் முழியும், களையும், பார்க்கிற கண்ணும்

"மூக்கும் முழியுமா இருக்கா" என்போம். "களையான முகம்" என்போம். "பார்க்கப் பார்க்கப் பிடிச்சுப்போற முகம்" என்றும் சொல்வோம். மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். முதலாவது உறுப்புகளின் வடிவத்தையும் அவை அமைந்த இடத்தையும் பற்றியது. இரண்டாவது தோலின் நிறம், பொலிவு, கண்ணின் தெளிவு. மூன்றாவது முகத்தில் இல்லவே இல்லை, பார்க்கிறவர் மனத்தில் இருக்கிறது. முக ஈர்ப்பை ஆராயும் உளவியலாளர்கள் அளந்துவருவதும் இந்த மூன்றைத்தான். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன.

முகத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலிகள் இப்போது ஏராளம். அவற்றில் பல பிடித்துக்கொண்டிருப்பது 1.618 என்ற தங்க விகிதத்தை, அதாவது ஒரு தூரம் இன்னொன்றைப்போல் 1.618 மடங்கு இருந்தால் அழகு என்ற நம்பிக்கையை. இதை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிடலாம். காரணம் ஒரு சின்னக் கணக்கு. கண் முனை, மூக்கு நுனி, உதட்டோரம், தாடை என்று முகத்தில் 20 புள்ளிகள் குறித்தால், அவற்றுக்கிடையே 190 தூரங்கள் கிடைக்கும். அந்த 190 தூரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 17,955 விகிதங்கள். இத்தனையில் 1.6-ஐ ஒட்டி வருபவை எந்த முகத்திலும் தாராளமாக இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டினால் யார் முகமும் தங்க முகம்தான். இந்த எண்ணை வைத்து அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஸ்டீபன் மார்க்வார்ட் ஒரு முகமூடி வரைபடமே உருவாக்கினார். அது ஐரோப்பிய வம்சாவளி ஃபேஷன் மாடல்களின், சற்றே ஆண்சாயல் கூடிய முகத்தைத்தான் ஒத்திருக்கிறது, ஆப்பிரிக்க முகங்களுக்கும் கிழக்காசிய முகங்களுக்கும் சரியாகப் பொருந்தவில்லை என்று 2008-இல் வந்த ஒரு விமர்சன ஆய்வு எடுத்துக் காட்டியது.

உறுப்புகளின் இடம் முக்கியமா என்றால், முக்கியம்தான். அதைச் சோதிக்க நல்ல வழி, ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை மட்டும் கணினியில் கூட்டிக் குறைத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்பது. 2010-இல் டொராண்டோ, சான் டியேகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படித்தான் செய்தார்கள். கண்ணிலிருந்து வாய்வரை உள்ள தூரம் முக நீளத்தில் 36 விழுக்காடாகவும், இரண்டு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் முக அகலத்தில் 46 விழுக்காடாகவும் இருந்தபோது அந்த முகம் அதிகமாகப் பிடித்திருந்தது. மயிர்க்கோட்டிலிருந்து மோவாய்வரை 18 செ.மீ. நீளமுள்ள முகத்தில் இது ஏறத்தாழ 6.5 செ.மீ.; 13.5 செ.மீ. அகலத்துக்கு 6.2 செ.மீ. வரும். இந்த எண்களில் மந்திரம் ஏதும் இல்லை. சோதனைக்கு எடுத்துக்கொண்டவை வெள்ளையினப் பெண்களின் முகங்கள். அந்த இரண்டு எண்களும் அப்படிப்பட்ட முகங்களின் சராசரியோடு ஒத்துப்போயின. தமிழ் முகங்களின் சராசரி சற்று வேறாக இருந்தால் பிடித்த எண்ணும் அதை ஒட்டி நகரும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

நம் ஸ்தபதிகளும் முகத்தை மயிர்க்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து மோவாய் என்று மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். ஐரோப்பிய ஓவியர்களிடமும் இதே மூன்று பங்கு விதி உண்டு. சிலை செய்ய இது அருமையான விதி, எந்தக் கை செய்தாலும் உரு பிசகாது. ஆனால் கனடாவில் லெஸ்லி ஃபார்க்காஸ் என்ற மருத்துவர் உயிருள்ள முகங்களை அளந்து 1985-இல் வெளியிட்டபோது, இத்தகைய விதிகள் பலவற்றுக்கு அடங்கும் முகங்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. அழகானவர்களின் முகங்களும் இவற்றுக்கு அடங்குவதில்லை.

சராசரி என்ற சொல் மேலே வந்துவிட்டது. இந்தத் துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பே அதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

1878-இல் இங்கிலாந்தின் அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன், குற்றவாளிகளுக்கென்று ஒரு முகச்சாயல் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். பல கைதிகளின் படங்களை ஒரே கண்ணாடித் தகட்டில், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி காட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்தார். கொடூர முகம் ஒன்று வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், தனித்தனி முகங்கள் எல்லாவற்றையும்விடப் பார்க்க நன்றாக இருந்த ஒரு முகம் வந்தது. தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. 1990-இல் ஜூடித் லாங்லோயிஸும் லோரி ராக்மனும் அமெரிக்காவில் இதையே கணினியில் செய்தார்கள். 2, 4, 8, 16, 32 என்று முகங்களைக் கலந்தார்கள். 16, 32 முகங்களைக் கலந்து வந்தவை, அவற்றுக்குள் போன தனி முகங்களின் சராசரி மதிப்பெண்ணைவிடத் தெளிவாக அதிகம் பெற்றன.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஓபன்சிவி, டிலிப் போன்ற இலவச நிரல் தொகுப்புகள் போதும். ஒரே பால், ஏறத்தாழ ஒரே வயது, நேராகப் பார்க்கும் முகம், வாய் மூடிய நிலை, ஒரே பக்கத்து வெளிச்சம் என்று 16 படங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களின் சம்மதம் இருக்கட்டும். முதலில் எல்லாப் படங்களையும் சுழற்றி, பெரிதாக்கி, சிறிதாக்கி, இரு கண்களும் ஒரே இடத்தில் உட்காரும்படி வையுங்கள். அடுத்து ஒவ்வொரு முகத்திலும் 68 புள்ளிகளை நிரல் குறிக்கும்: தாடைக்கோடு, புருவம், கண், மூக்கு, உதடு. கண் முனையிலும் உதட்டோரத்திலும் அது சில சமயம் தவறும், தாடியுள்ள முகத்தில் தாடைக்கோட்டில் நிச்சயம் தவறும். அதனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பிறகு 16 முகங்களிலும் ஒவ்வொரு புள்ளியின் சராசரி இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்து, ஒவ்வொரு முகத்தின் முக்கோணத்தையும் சராசரி முக்கோணத்துக்குப் பொருந்த இழுக்க வேண்டும். கடைசியாகத்தான் நிறங்களைச் சராசரி எடுப்பது.

இழுக்கும் படியை விட்டுவிட்டு நிறங்களை மட்டும் கலந்தால் கால்டனுக்கு வந்ததுபோல் விளிம்பு மங்கிய, புகை படிந்த முகம்தான் வரும். கண்ணில் இரட்டை இமை தெரிந்தால் புள்ளி தவறியிருக்கிறது என்று பொருள். தலைமுடி எப்போதும் பேய்போலத்தான் வரும், ஏனென்றால் அங்கே புள்ளியே இல்லை; வெட்டிவிடுங்கள்.

இதில் ஒரு பெரிய ஐயம் எழ வேண்டும். 16 தோல்களைச் சராசரி எடுத்தால் பரு, தழும்பு, மச்சம் எல்லாம் கரைந்து போகும். அப்படியானால் அழகு கூடியது வடிவத்தாலா, வழவழப்பான தோலாலா? நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் அதற்குத் தோலே இல்லாத கோட்டோவிய முகங்களை வைத்துப் பதில் தேடினார்கள். கோட்டோவியத்திலும் சராசரியை நோக்கி நகர்த்திய முகம் கூடுதலாகப் பிடித்தது. ஆக, வடிவத்துக்குப் பங்கு உண்டு. வழவழப்பும் சேர்ந்துகொள்கிறது.

ஏன் சராசரி பிடிக்கிறது? நோய், வளர்ச்சிக் குறை இல்லாததன் அடையாளம் என்பது ஒரு விளக்கம். மனம் தான் கண்ட முகங்களிலிருந்து ஒரு மாதிரியை உருவாக்கி வைத்திருக்கிறது, அதற்கு நெருங்கியதைச் சிரமமில்லாமல் உள்வாங்குகிறது, அந்த எளிமையே இனிமையாகத் தெரிகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதுக்கு வலுவான சான்று வேடிக்கையான இடத்திலிருந்து வந்தது: நாய், பறவை, கைக்கடிகாரம் ஆகியவற்றிலும் சராசரிக்கு நெருங்கிய உருவமே மக்களுக்குப் பிடிக்கிறது. கைக்கடிகாரத்துக்கு ஆரோக்கியமும் இல்லை, மரபணுவும் இல்லை.

ஆனால் சராசரி முகம் நல்ல முகமே தவிர மிக அழகான முகம் இல்லை. 1994-இல் உளவியலாளர் டேவிட் பெரெட்டின் குழு 60 பெண்களின் முகங்களைக் கலந்து ஒன்றும், அவர்களில் அதிக மதிப்பெண் பெற்ற 15 பேரை மட்டும் கலந்து இன்னொன்றும் செய்தது. 15 பேரின் கலவையே பிடித்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மேலும் 50 விழுக்காடு கூட்டிக் காட்டியபோது அது இன்னும் அதிகமாகப் பிடித்தது. சராசரியிலிருந்து விலகுவது எப்போதும் குறையில்லை. எந்தப் பக்கம் விலகுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அடுத்தது இடமும் வலமும் ஒத்திருப்பது. பாஸ்போர்ட் அளவுப் படத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இடப்பாதியும் அதன் பிம்பமும் சேர்ந்த முகத்தைப் பாருங்கள். பிறகு வலப்பாதி. இரண்டு வேறு ஆட்கள் தெரிவார்கள், இருவருமே கொஞ்சம் விநோதமாக இருப்பார்கள். தலை சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு பாதி அகன்றும் மறுபாதி ஒடுங்கியும் போய், மூக்கு ஒன்றில் தடித்து மற்றொன்றில் மெலிந்துவிடும். இந்த முறையில் செய்த ஆய்வுகள் சில, சமச்சீர் முகம் பிடிக்கவில்லை என்று தவறாக முடிவு சொன்னதற்குக் காரணம் இதுதான். முழு முகத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தோடு கலந்து செய்தால், ஒத்திருக்கும் முகத்துக்கே முதலிடம் கிடைக்கிறது. ஆனால் அதன் பங்கு பலர் நினைப்பதைவிடச் சிறியது. அது ஆரோக்கியத்தின் முத்திரை என்ற பேச்சும் நிற்கவில்லை: பிரிட்டனில் 4,732 பதின்வயதினரின் முகங்களை அளந்து 2014-இல் வெளியான ஆய்வில், முகக் கோணலுக்கும் சிறுவயது நோய்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஆண்மைச் சாயல், பெண்மைச் சாயல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெண் முகத்தில் சிறிய தாடை, நிறைந்த உதடு, உயர்ந்த புருவம் பிடிக்கும் என்பது நகரங்களில் உறுதியாகத் தெரிகிறது. ஆண் முகத்தில் கனத்த தாடை பிடிக்குமா என்றால் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. 12 சமூகங்களில் நடத்தி 2014-இல் வந்த ஆய்வில், இந்த விருப்பங்களே நகரச் சூழலில்தான் வலுவாக இருந்தன. மாதவிடாய்ச் சுழற்சிக்கேற்பப் பெண்களின் விருப்பம் மாறும் என்று 1999-இல் பரபரப்பாகச் சொல்லப்பட்டது. 584 பெண்களை வைத்து 2018-இல் பெரிதாகச் செய்து பார்த்தபோது அது தென்படவில்லை. இன்னமும் அதைச் சொல்லும் காணொளிகள் உலவுகின்றன, நம்ப வேண்டாம்.

இனி களை. தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டுப் பசலை படரும். பீர்க்கம்பூவின் வெளிறிய மஞ்சள் அது. தோலின் நிறம் உள்ளுடம்பின் நிலையைச் சொல்லிவிடும் என்ற கவனிப்பு அதில் இருக்கிறது. கறுப்பா சிவப்பா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை, பொலிவா வெளிறலா என்பதே கேள்வி.

ஆய்வுகளும் அந்தப் பக்கமே காட்டுகின்றன. ஒரே முக வடிவத்தின்மேல் வெவ்வேறு பெண்களின் தோலைக் கணினியில் போர்த்திப் பார்த்ததில், நிறம் சீராகப் பரவிய தோல் அந்த முகத்தை இளமையாகவும் ஈர்ப்பாகவும் காட்டியது. திட்டுத்திட்டான தோல் அதே முகத்தை மூத்ததாகக் காட்டியது. ஆக, முக்கியமானது நிறத்தின் சீர். முகத்தில் மங்கு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் நிறைய. நம் நிறத்துக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த, சாயம் கலந்த களிம்பு மேல், ஏனென்றால் மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு.

சிவப்பழகு என்று விற்கும் களிம்புகள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யக்கூடும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை முதல் சில வாரங்களில் முகத்தை வெளுக்கவைக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும், பரு பொரியும், நிறுத்தினால் சிவந்து எரியும், எரிவதால் மறுபடி தடவச் சொல்லும். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தையே கெடுக்கும். வாங்கும் முன் உறையில் சேர்மானங்களைப் படியுங்கள். சேர்மானமே அச்சிடாத டப்பாவைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பு பழகிவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உணவுக்கும் தொடர்பு உண்டு. காரட், பப்பாளி, கீரைகளில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமி தோலில் படிகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 35 பேரை 6 வாரம் தொடர்ந்து பார்த்தபோது, காய்கனி உண்பதில் வந்த மாற்றம் தோலின் நிறத்தில் தெரிந்தது. நாளொன்றுக்கு 3 பங்கு கூடினாலே முகம் நன்றாகத் தெரியப் போதும் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பங்கு 80 கிராம். பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் மாநிறத்தில் அதே அளவு தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள் மட்டும் கூடி ரத்தத்தின் சிவப்பு குறைந்தால் அது பசலைதான். ரத்தசோகை முகம் அப்படித்தான் இருக்கும்.

தூக்கத்தின் கதை இன்னும் தெளிவு. 2010-இல் ஸ்டாக்ஹோமில் 23 பேரை 8 மணி நேரத் தூக்கத்துக்குப் பின் ஒரு முறையும், 5 மணி நேரமே தூங்கி 31 மணி நேரம் விழித்திருந்தபின் ஒரு முறையும் படம் எடுத்தார்கள். 65 பேர் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். தூங்காத முகம் களைப்பாக மட்டுமன்றி நோய்ப்பட்டதாகவும் ஈர்ப்புக் குறைந்ததாகவும் தெரிந்தது. தொங்கிய இமை, சிவந்த கண், கருவளையம், கீழிறங்கிய உதட்டோரம் ஆகியவையே காட்டிக்கொடுக்கின்றன என்று பின்னர் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது.

கண்மை எதற்கு என்பதற்கும் விளக்கம் உண்டு. கண்ணும் உதடும் சுற்றியுள்ள தோலைவிட எவ்வளவு கருத்திருக்கின்றன என்ற வேறுபாடு பெண்களுக்குச் சராசரியாக அதிகம், வயதாக ஆகக் குறைகிறது. உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009-இல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரே முகத்தில் இந்த வேறுபாட்டைக் கூட்டியபோது பெண்ணாகவும், குறைத்தபோது ஆணாகவும் தெரிந்தது. முகம் முழுக்கப் பவுடர் அப்பியும் எடுபடவில்லை என்றால், கண்ணோரத்தில் மை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

இத்தனையும் சேர்ந்தால்கூடக் கதையில் பாதிதான். ஒரே படங்களைப் பலருக்குக் காட்டினால், மதிப்பெண்ணில் ஏறத்தாழ பாதி எல்லோருக்கும் பொதுவான ரசனை, மீதி அவரவர் சொந்த ரசனை. பொது ரசனை மிகச் சீக்கிரம் தொடங்குகிறது: பிறந்து சில நாளே ஆன குழந்தைகள்கூடப் பெரியவர்கள் அழகென்று சொன்ன முகத்தையே கூடுதல் நேரம் பார்க்கின்றன. சொந்த ரசனை எங்கிருந்து வருகிறது என்று அறிய 547 ஒருகரு இரட்டையர் இணைகளையும் 214 இருகரு இணைகளையும் 2015-இல் ஒப்பிட்டார்கள். மரபணு முழுக்க ஒத்த இரட்டையருக்குள்ளும் ரசனை வேறுபட்டது. யாரோடு பழகினோம், யார் முகத்தை நல்ல நேரத்தில் பார்த்தோம் என்ற அனுபவமே பெரும்பங்கு. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சாகத் தெரிவது பழக்கத்தின் வேலையும்தான்.

மனத்திலுள்ள அந்த மாதிரி முகம் நிலையானதும் இல்லை. சற்றே அகட்டி அல்லது ஒடுக்கிய முகங்களைச் சில நிமிடம் தொடர்ந்து காட்டினால், அதன் பிறகு அந்தப் பக்கம் சாய்ந்த முகங்களே இயல்பாகவும் அழகாகவும் தெரியத் தொடங்கும் என்று 2003-இல் உளவியலாளர் ஜில்லியன் ரோட்ஸின் குழு காட்டியது. நாள் முழுக்க ஃபில்டர் போட்ட முகங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் நம் முகம் பிசகியதுபோல் தெரிவதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மாறியது முகம் இல்லை, அளவுகோல்.

கேமராவும் ஏமாற்றும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஆழத்தில் சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்த கைபேசிக்குக் காது 42 செ.மீ. தொலைவு. ஆக மூக்கு, காதோடு ஒப்பிட 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். 150 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க 1.08 மடங்குதான். இரண்டுக்கும் நடுவே 30 விழுக்காடு வித்தியாசம். அமெரிக்காவில் 2018-இல் வெளியான கணக்கீட்டிலும், 30 செ.மீ. தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம் 30 விழுக்காடு அளவுக்கு மிகையாகத் தெரியும் என்றே வந்தது. செல்ஃபியைப் பார்த்து மூக்குக்கு அறுவைச் சிகிச்சை யோசிப்பவர்கள் முதலில் கைபேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் ஊன்றி, டைமர் வைத்து, இரண்டு மடங்கு ஜூமில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி எடுத்ததும் பிடிக்கவில்லையா? அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். தினமும் கண்ணாடியில் நாம் பார்ப்பது இடவலம் மாறிய முகம். 1977-இல் நடந்த சோதனையில், தங்கள் படத்தின் கண்ணாடிப் பிரதியையே பெண்கள் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகள் நேர்ப் படத்தை விரும்பினார்கள். அவரவர் பழகிய முகம் அவரவருக்கு. வரன் பார்க்கவோ வேலைக்கோ அனுப்பும் படமென்றால், பத்துப் பன்னிரண்டு எடுத்து, உங்களை அறியாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் பொறுக்கச் சொல்லுங்கள். தாமே தேர்ந்த படத்தைவிட முன்பின் தெரியாதவர்கள் தேர்ந்த படமே மற்றவர்களிடம் நல்ல பெயர் வாங்குகிறது என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.